பூட்ட வேண்டியது எது?

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளுள் ஒன்று தளிச்சேரிப் பெண்டுகளைப் பற்றியது. முதலாம் இராசராசனின் ஆட்சியில், ஏறத்தாழ கி.பி. 1014-இல் வெட்டப்பட்டது. கோயிற் பணிக்காகப் பல ஊர்களிலிருந்தும் வரவழைக்கப்பட்ட 400 பெண்களின் பெயர்கள் அதில் வரிசையாக உள்ளன. பெயர் மட்டுமன்று; ஒவ்வொருவரும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தஞ்சையில் எந்தத் தெருவின் எந்தச் சிறகில், எத்தனையாவது வீட்டில் குடியிருப்பவர் என்பதும் உண்டு. ஒருவருக்கு ஒரு பங்கு, பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்ற கணக்கும் உண்டு.

இன்று ஒரு கல்லூரி, தன்னிடம் உதவித்தொகை பெறும் 400 மாணவியரின் பெயர், சொந்த ஊர், தெரு, வீட்டு எண், பெறும் தொகை ஆகியவற்றை வாயிற் சுவரில் எழுதி வைத்தால் என்ன ஆகும்? மறுநாளே பெற்றோர் திரண்டு வந்து முதல்வரின் அறை முன் நிற்பார்கள். ஆனால் சோழ அரசு கவனக்குறைவால் இதைச் செய்யவில்லை. பட்டியலை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பது அதன் கவலையன்று; யாரும் மாற்றிவிடக் கூடாது என்பதே கவலை. பங்கு இன்னாருக்கு உரியது என்பதைப் பிற்காலத்தார் திருத்த முடியாதபடி செய்ய, அன்று கிடைத்த உறுதியான வழி கருங்கல்.

ஆகவே, தகவலைக் காப்பது என்றால் மறைப்பது என்று மட்டும் பொருளில்லை. மறைத்து வைத்தல் ஒன்று. மாறாமல் வைத்தல் இரண்டு. வேண்டும்போது கிடைக்கச் செய்தல் மூன்று. கணிப்பொறிப் பாதுகாப்பைப் பற்றிய நூல்கள் இம்மூன்றையுமே அடிப்படையாகக் கொள்கின்றன. தகவல் பாதுகாப்புக் கொள்கை ஒன்றை எழுத உட்காரும் கல்லூரிக்கு முதலில் எதிர்ப்படும் கேள்வியும் இதையொட்டியதே. நம்மிடமுள்ள தகவல்களை எத்தனை வகையாகப் பிரிப்பது? எதை எந்த வகையில் வைப்பது? இக்கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. அதைச் சற்றுப் பார்ப்போம்.

துபாசியின் நாட்குறிப்பும் பிரெஞ்சுப் பதிவேடும்

குருசுக்குப்பத்திலிருந்து தெற்கே நடந்து புதுச்சேரியின் பழைய நகருக்குள் சென்றால் ரங்கப்பிள்ளை வீதியை அடையலாம். டூப்ளேயின் தலைமைத் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் (1709–1761) பெயரால் வழங்கும் வீதி அது. அவர் 1736 செப்டம்பர் 6-ஆம் நாள் தொடங்கித் தம் இறுதிக்காலம் வரை நாட்குறிப்பு எழுதிவந்தார். கப்பல் வரவு, சரக்கு வணிகம், கவர்னருடன் நடந்த உரையாடல், கவர்னரின் மனைவி மீது தமக்கிருந்த மனக்கசப்பு, ஊரில் உலவிய வதந்தி எல்லாம் அதில் இடம்பெற்றன. அந்த ஏடு 1748-இல் வேண்டாதவர் கையில் சிக்கியிருந்தால், பிள்ளையவர்களின் பதவி நிலைத்திருக்குமா என்பது ஐயமே.

1846-இல் கல்வா-மோன்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அந்த ஏடுகளைக் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசு அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பை 12 தொகுதிகளாக வெளியிட்டது. இன்று அது வரலாற்று மாணவரின் பாடம். ஒரு சொல்லும் மாறவில்லை; ஆனால் அன்று பெட்டியில் பூட்டி வைக்கவேண்டியிருந்தது இன்று நூலகத்தில் திறந்து கிடக்கிறது. இரகசியம் என்பது தகவலின் பிறவிக் குணமன்று. அது காலத்தையும், யார் கையில் அகப்படுகிறது என்பதையும் பொறுத்தது.

புதுச்சேரியிலேயே இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணைப்படி, பிரெஞ்சிந்தியர் தம் சொந்தச் சமூக வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்கலாம் என்று ஆயிற்று. அவ்வாறு ஏற்றவர்கள் குடும்பப் பெயரொன்றையும் சூடிப் பதிவு செய்துகொண்டனர். பின்னர், 1962 ஆகஸ்ட் 16-ஆம் நாள் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, இங்குப் பிறந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஒப்பந்தம் இடமளித்தது. தாத்தாவின் பிறப்புப் பதிவும் அவர் கையொப்பமிட்ட ஒரு தாளும் இன்றைய பேரனின் குடியுரிமை வழக்கைத் தீர்மானிக்கக்கூடும். இங்கே பதிவேட்டைப் பிறர் பார்ப்பதால் வரும் கேடு சிறிது. அது கறையான் அரித்தோ காணாமலோ போவதால் வரும் கேடு பெரிது.

கல்வெட்டு, நாட்குறிப்பு, பதிவேடு ஆகிய மூன்றும் மூன்று வகைக் காப்பை வேண்டின. தகவலைத் தரம் பிரிக்க விரும்புவோர் முதலில் மனத்தில் கொள்ளவேண்டிய உண்மை இது.

அரசுகள் குத்திய முத்திரைகள்

தற்கால அரசுகள் இம்மூன்றில் மறைத்தலையே பெரிதாக எடுத்துக்கொண்டன. 1889-இல் பிரிட்டனிலும் இந்தியாவிலும் அரசாங்க இரகசியச் சட்டங்கள் வந்தன. கர்சன் பிரபு 1904-இல் இந்தியச் சட்டத்தை மேலும் கடுமையாக்கினார். 1923-இல் இயற்றப்பட்ட சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. வியப்பு என்னவென்றால், ‘இரகசியம்’ என்றால் என்ன என்பதற்கு அச்சட்டத்தில் இலக்கணமே இல்லை. கோப்புகளுக்கு மிக இரகசியம், இரகசியம், அந்தரங்கம், வரையறைக்குட்பட்டது என்று நான்கு முத்திரைகள் வழங்குவது உள்துறை அமைச்சகத்தின் கையேட்டினால்தான்.

அமெரிக்காவில் 1940-இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் ஆணை இராணுவத் தகவல்களுக்குத் தரம் வகுத்தது. 1944-இல் பிரிட்டனோடு ஒத்துப்போகும் பொருட்டு ‘மிக இரகசியம்’ என்ற உச்சப் படி சேர்க்கப்பட்டது. 1953-இல் ஐசனோவர் கடைசிப் படியான ‘வரையறைக்குட்பட்டது’ என்பதை நீக்கி மூன்றாகக் குறைத்தார். பிரிட்டனும் 2014 ஏப்ரலில் தன் பழைய படிகளைக் கலைத்துவிட்டு மூன்றே படிகளை வைத்துக்கொண்டது.

படிகள் குறைந்துகொண்டே வந்ததற்கு என்ன காரணம்? இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அளவுகோலின் மீச்சிற்றளவு பற்றிப் படித்திருப்பீர்கள். கண்ணால் பிரித்தறிய முடியாத அளவுக்கு நெருக்கமாகக் கோடுகள் போட்டால் அளவை நுட்பமாகிவிடாது. அளப்பவர் ஆளுக்கொரு அளவு சொல்வர். இரகசியப் படிகளும் அப்படியே. ஆறு படிகள் இருந்தால், மூன்றாவதா நான்காவதா என்று எழுத்தருக்குத் தெரியாது. தெரியாதபோது, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று மேல்படியைக் குத்திவிடுவார். கீழ்ப்படி குத்தித் தவறு நேர்ந்தால் தண்டனை உண்டு; மேல்படி குத்தியதற்காக யாரும் தண்டிக்கப்படுவதில்லை. விரைவில் எல்லாக் கோப்பும் இரகசியமாகிவிடும். எல்லாம் இரகசியம் என்றால், உண்மையான இரகசியத்தை யாரும் மதிக்கமாட்டார்கள்.

மௌனமும் ஒரு செய்தியே

இயற்பியல் வரலாற்றில் இதையொட்டி ஒரு நிகழ்ச்சி உண்டு. யுரேனியம் அணு பிளவுபடும் செய்தி 1939 தொடக்கத்தில் வெளியானதும், லியோ சிலார்டு என்ற அறிஞர் இத்துறை ஆய்வு முடிவுகளை அச்சிடாமல் நிறுத்தி வைக்கும்படி சக விஞ்ஞானிகளை வேண்டினார். இட்லரின் கைக்கு அணுகுண்டு போய்விடுமோ என்பது அவர் அச்சம். பாரிசில் ஜோலியோ-கியூரி குழுவினர் இணங்கவில்லை. பிளவின்போது எத்தனை நியூட்ரான்கள் வெளிப்படுகின்றன என்ற அளவை 1939 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். 1940 சூனில் மாக்மில்லன், ஏபல்சன் இருவரும் 93-ஆம் தனிமத்தைக் கண்ட செய்தி அமெரிக்க இதழில் வந்தபோது பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் முறையிட்டனர். பிறகு அமெரிக்கப் பௌதிக இதழ்கள் தாமாகவே வாய்மூடிக்கொண்டன.

1942-இல் கியார்கி ஃபிளியோரோவ் என்ற இளம் சோவியத் விஞ்ஞானி, வொரோனேசு நகரின் பல்கலைக்கழக நூலகத்தில் அயல்நாட்டு இதழ்களைப் புரட்டினார். அணுப்பிளவைப் பற்றி ஒரு கட்டுரைகூட இல்லை. அத்துறையில் பெயர் பெற்றவர்கள் எவரும் எதுவும் எழுதவில்லை. இவர்கள் ஆய்வை விட்டுவிடவில்லை, மறைக்கிறார்கள் என்று அவர் சரியாக ஊகித்து, அவ்வாண்டு ஏப்ரலில் ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதினார். நேற்று வரை திறந்திருந்த கதவு திடீரென்று மூடினால், உள்ளே ஏதோ இருக்கிறது என்பதை அந்த மூடலே சொல்லிவிடுகிறது. எதை மறைக்க வேண்டும் என்பதைத் தகவல் பிறக்கும்போதே எண்ணிப் பார்க்கவேண்டும். பாதியில் விழித்துக்கொண்டால் பயன் குறைவு.

பெயர்ப் பட்டியலின் ஆபத்து

மேலே கண்ட முத்திரைகள் எல்லாம் அரசைக் காப்பதற்கு ஏற்பட்டவை. தனி மனிதரைக் காப்பதற்கு முத்திரை வேண்டும் என்ற எண்ணம் உலகில் வலுப்பட ஒரு பெருங்கொடுமை நிகழவேண்டியிருந்தது.

நெதர்லாந்து நாட்டில் போருக்கு முன்பே நேர்த்தியான மக்கள் பதிவேடு இருந்தது. பெயர், முகவரியோடு மதமும் அதில் குறிக்கப்பட்டிருந்தது. அன்றாட நிர்வாகத்துக்காக நல்ல எண்ணத்தோடு எழுதியதுதான். 1940-இல் செருமானியப் படை நாட்டைக் கைப்பற்றியது. பதிவேடும் அதன் கைக்குப் போயிற்று. யூதரைத் தேடிப் பிடிக்க அது வழிகாட்டியாயிற்று. 1943 மார்ச்சு 27-ஆம் நாள் இரவு, எதிர்ப்பு இயக்கத்தினர் சிலர் ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்தைக் குண்டு வைத்துத் தகர்த்தனர். ஆவணங்களில் ஒரு பகுதியே அழிந்தது. அதைச் செய்தவர்களுள் பன்னிருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்நாட்டு யூதருள் நான்கில் மூன்று பங்கினர் போர் முடியும்போது உயிருடன் இல்லை.

தகவல் திரட்டியவர் நல்லவராக இருக்கலாம். நாளை அதை எடுத்தாளப்போகிறவர் யார் என்று யாருக்குத் தெரியும்? விடுதலை பெற்ற இந்தியா 1948-இல் இயற்றிய மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. கணக்கெடுப்பாளரின் ஏட்டில் எழுதப்பட்டதைப் பிறர் பார்வையிட உரிமையில்லை. அதைப் பொதுவாக நீதிமன்றச் சான்றாகவும் கொண்டுவர இயலாது. கூட்டுத்தொகை ஊருக்கு, தனியொருவரின் விடை பெட்டிக்குள்.

பிரான்சில் 1974 மார்ச்சு 21-ஆம் நாள், அரசு தன் பல்வேறு பதிவேடுகளைக் கணிப்பொறியில் ஒரே எண்ணைக்கொண்டு இணைக்கத் திட்டமிடுவதை ‘ல மோந்து’ நாளேடு அம்பலப்படுத்தியது. எழுந்த எதிர்ப்பின் விளைவாக 1978 சனவரி 6-ஆம் நாள் ஒரு சட்டம் வந்தது. இனம், மதம், அரசியல் கருத்து, தொழிற்சங்க உறுப்பு ஆகியவற்றை வெளிப்படுத்தும் தகவல்களை, உரியவரின் இசைவின்றிக் கணிப்பொறியில் ஏற்றக் கூடாது என்று அது தடுத்தது. தகவலைத் தரம் பிரிக்கும் அளவுகோல் இங்கே மாறிவிட்டதைக் கவனியுங்கள். ‘வெளியானால் அரசுக்கு என்ன கேடு?’ என்ற கேள்வி போய், ‘வெளியானால் அந்த மனிதருக்கு என்ன கேடு?’ என்ற கேள்வி வந்துவிட்டது.

இணைப்பதில் உள்ள ஆபத்து கற்பனையன்று. அமெரிக்க ஆய்வாளர் லதான்யா சுவீனி, அஞ்சற் குறியீட்டெண், பிறந்த நாள், பால் ஆகிய மூன்றை மட்டும் கொண்டு அமெரிக்க மக்களுள் ஏறத்தாழ 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று 2000-ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினார். தனித்தனியே பார்த்தால் மூன்றும் அற்பச் செய்திகள். நூல் நூலாக இருக்கும்வரை ஒன்றுமில்லை, திரித்தால் கயிறாகிவிடுகிறது.

சட்டத்தில் விடுபட்ட சொல்

நம் நாட்டுக்கு வருவோம். 2011-இல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் வந்த விதிகள், ‘உணர்வுநுட்பம் வாய்ந்த தனிநபர் தகவல்’ என்று ஒரு பட்டியல் தந்தன. கடவுச்சொல், வங்கிக் கணக்கு விவரம், உடல் மன நலம், மருத்துவக் குறிப்பு, பாலியல் நாட்டம், கைரேகை போன்ற உடலடையாளங்கள் ஆகியவை அதில் உண்டு. சாதி இல்லை, மதமும் இல்லை. வணிகம் அல்லது தொழில் நடத்தும் நிறுவனங்களை மனத்தில் கொண்டு எழுதிய விதிகள் அவை. ஒரு கடன் அட்டை எண் திருடு போனால் வங்கி மறுநாள் வேறு எண் தரும். மாணவன் ஒருவனின் சாதியை விடுதியில் எல்லாரும் அறிந்து ஏளனம் செய்யத் தொடங்கினால், அதை மாற்றிக் கொடுக்க எந்த வங்கி உண்டு?

2017 ஆகஸ்ட் 24-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் அளித்த வரைவு மசோதாவில் சாதி, பழங்குடி, மதநம்பிக்கை ஆகியவை உணர்வுநுட்பத் தகவல்களாகச் சேர்க்கப்பட்டன. ஆனால் 2023 ஆகஸ்டில் நிறைவேறிய எண்ணிமத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படிப்பட்ட தனி வகையே இல்லை. தனிநபர் தகவல் எல்லாம் ஒன்றாகவே நடத்தப்படுகின்றன. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. 18 வயது நிரம்பாதவரை அச்சட்டம் குழந்தையாகக் கொள்கிறது. முதலாண்டு மாணவர் பலருக்கு வயது 17 என்பதைக் கல்லூரிகள் மறக்கலாகாது.

ஆக, மாணவரை மிகவும் புண்படுத்தக்கூடிய தகவல் எது என்று சட்டம் தனியே எடுத்துச் சொல்லவில்லை. அதைக் கல்லூரியே சொல்லிக்கொள்ள வேண்டும்.

கல்லூரிக்கு எத்தனை படி?

வரலாறு தரும் விடை, மூன்று படி போதும் என்பதே. வெளி, உள், பூட்டு என்று எளிய பெயர்களையே வைத்துக்கொள்ளலாம். பாடத்திட்டம், கட்டண விவரம், தேர்வு அட்டவணை ஆகியவை வெளி. துறைக் கூட்டக் குறிப்பு, பணிப் பங்கீடு, ஆய்வுக்கூட இருப்புப் பதிவேடு போன்றவை உள். சாதிச் சான்று, மருத்துவக் குறிப்பு, ஆதார் எண், வங்கிக் கணக்கு, ஒழுங்கு நடவடிக்கை, பகடிவதைப் புகார் ஆகியவை பூட்டு. பாலியல் துன்புறுத்தல் பற்றிய புகாரில் புகார் தந்தவரின் அடையாளத்தை வெளியிடலாகாது என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

படியைத் தேர்ந்தெடுக்க மூன்று கேள்விகள் கேட்கலாம். இது வெளியானால் யாருக்குக் கேடு? அக்கேடு எவ்வளவு? அதைத் திரும்பச் சரிசெய்ய முடியுமா? சரிசெய்ய முடியாத கேடு ஒரு மாணவருக்கு வரும் என்றால், வேறு யோசனையின்றிப் பூட்ட வேண்டியதுதான்.

ஆனால் மறைத்தலோடு நின்றுவிடக் கூடாது. அமெரிக்கத் தர நிறுவனம் 2004-இல் வெளியிட்ட முறையின்படி, ஒவ்வொரு வகைத் தகவலுக்கும் மறைவு, மாறாமை, கிடைத்தல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே குறைவு, நடுத்தரம், மிகுதி என்று மதிப்பிடுகிறார்கள். மதிப்பெண் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பிறர் பார்த்துவிட்டால் மனவருத்தம். அதில் ஓர் எண்ணை யாராவது திருத்திவிட்டால் ஒருவர் வாழ்க்கையே திசை மாறும். அதற்குத் தேவை பூட்டைவிடக் கல்வெட்டு. பழைய மாணவர் சான்றிதழ்ப் பதிவேட்டுக்கு வேண்டியதோ மறுபிரதி. இருபது ஆண்டு கழித்து வந்து கேட்பவருக்கு அது கிடைக்கவேண்டும்.

காலத்தையும் சேர்த்தே எழுதவேண்டும். வினாத்தாள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தேர்வு தொடங்கும் மணியடிக்கும் வரை அது பூட்டின் உச்சியில் இருக்கிறது. தேர்வு முடிந்ததும் அது வெளி. அதே மணித்துளியில் விடைத்தாள் பூட்டுக்குள் போகிறது. எந்தத் தகவலுக்கும் ‘இந்த நாள் வரை’ என்று ஒரு முடிவு குறிக்காவிட்டால், பூட்டிய பெட்டிகள் பெருகிக்கொண்டே போகும்.

கடினமான இடமும் ஒன்று உண்டு. இடஒதுக்கீட்டின்படி நடந்த சேர்க்கைப் பட்டியலை ஒட்டாமல் இருந்தால், நியாயம் நடந்ததா என்று ஊருக்குத் தெரியாது. ஒட்டினால், எந்த மாணவர் எந்தச் சாதி என்பது ஊருக்கெல்லாம் தெரியும். நியாயத்தைச் சரிபார்க்கத் தேவையானதை மட்டும் வெளியிடுவதே இதற்கு வழி. விண்ணப்ப எண், மதிப்பெண், ஒதுக்கீட்டுப் பிரிவு போதும். பெயரோடு பிறந்த நாளும் தொலைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் சேர்ந்தால், சுவீனி சொன்ன கயிற்றை நாமே திரித்துக் கொடுத்தவர்கள் ஆவோம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பூட்டு என்ற படி கையில் கிடைத்ததும், கட்டணக் கணக்கையும் நியமனக் குறைபாட்டையும் விசாரணை அறிக்கையையும் அதற்குள் தள்ளிவிட நிர்வாகங்களுக்கு ஆசை வரும். ‘கல்லூரியின் நற்பெயர்’ என்று அதற்குக் காரணமும் சொல்வார்கள். அது 1889-இன் கேள்விக்குத் திரும்பிப் போவதாகும். அரசு நிறுவனமானால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் குறுக்கே நிற்கும். கொள்கை எழுதும் குழு ஒவ்வொரு பூட்டின் பக்கத்திலும் ‘இது இன்னாரைக் காக்க’ என்று ஒரு வரி எழுதி வைக்கட்டும். அந்த வரியில் மாணவரோ ஊழியரோ இருந்தால் பூட்டு நிற்கலாம். நிர்வாகம் மட்டுமே இருந்தால் அந்தப் பூட்டை எடுத்துவிடுவதே முறை.